எர்த் இல்லாத சாக்கெட்டில் நின்ற மோட்டார்ஹோம்

டெக்ஸாஸில் டாலஸுக்கு வடக்கே ரிச்சர்ட்சனில் எங்கள் வீடு. 1958-இல் கட்டியது. போன வருடம் பழைய மோட்டார்ஹோம், அதாவது படுக்கை, சமையல் எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி ஒன்று வாங்கினோம். போர்டு இ-450 சட்டகத்தின் மேல் கட்டிய 28 அடி வண்டி. ஊரிலிருந்து வந்திருந்த மாமாவையும் அத்தையையும் ஏற்றிக்கொண்டு நியூ மெக்ஸிகோவில் வொயிட் சாண்ட்ஸ் வரை போய்வரத் திட்டம். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே வண்டியை வீட்டுக் கரண்டில் போட்டுவிட வேண்டும். இந்த வண்டிகளில் இருக்கும் ஃபிரிட்ஜ் நம் வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரி கம்ப்ரஸர் வைத்தது இல்லை, சூட்டில் ஓடுவது. குளிர்ந்து நிலைக்கு வர அரை நாளுக்கு மேல் எடுக்கும். பேட்டரியும் நிரம்ப வேண்டும், தண்ணீர் ஹீட்டர் வேலை செய்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

வண்டியின் பிளக் 30 ஆம்பியர், மூன்று கால். வீட்டுச் சாக்கெட் 15 ஆம்பியர். நடுவில் போடும் அடாப்டருக்கு இங்கே டாக்போன் என்று பெயர். கராஜ் சுவரில் இருந்த சாக்கெட்டில் அதைச் செருகினேன். 50 அடி எக்ஸ்டென்ஷன் கேபிள் வழியாக வண்டிக்குக் கரண்ட் வந்தது. விளக்கு எரிந்தது, ஃபிரிட்ஜில் பச்சை வந்தது. சரி, வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

சாயங்காலம் நான் டிரைவ்வேயைக் கழுவி விட்டிருந்தேன். அத்தை செருப்பில்லாமல் நடந்து போய் வண்டியின் கைப்பிடியைப் பிடித்தவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். "என்னமோ சுருக்குன்னு இழுக்கு" என்றார்.

மாமா மின்வாரியத்தில் ஒயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். திண்ணையில் உட்கார்ந்திருந்த மனிதர் எழுந்து வந்த வேகத்தை நான் மறக்கமாட்டேன். "யாரும் வண்டியத் தொடாதிய. மாப்ள, நீங்க மொதல்ல பிளக்க உருவாதிய, உள்ள போயி பிரேக்கர எறக்குங்க" என்றார். ஈரத் தரையில் நின்றுகொண்டு எதையும் தொடக் கூடாது என்பதுதான் அவர் சொன்னதன் அர்த்தம். பேனலில் கராஜ் பிரேக்கரை இறக்கினேன். அத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. பிள்ளைகள் இருவரும் அன்று நீச்சல் வகுப்புக்குப் போயிருந்தார்கள். இல்லையென்றால் ஈரக் காலோடு அந்தப் படியில்தான் ஏறி இறங்கிக்கொண்டு இருப்பார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது.

எனக்கு ஏன் அதுவரை ஒன்றும் தெரியவில்லை என்றால், நான் காலையிலிருந்து ரப்பர் அடி வைத்த ஷூவோடு காய்ந்த தரையில் நின்றிருந்தேன். வண்டியும் டயர் மேல் நிற்கிறது. வண்டியின் மொத்த உடம்பிலும் கரண்ட் ஏறி நின்றாலும், தரையோடு தொடர்பு கிடைக்கும் வரை அது காட்டிக்கொள்ளாது. அந்தத் தொடர்பாக அத்தையின் ஈரக் கால் அமைந்துவிட்டது.

தரை காய்ந்த பிறகு மாமா தன் பெட்டியிலிருந்து டெஸ்டரை எடுத்தார். திருப்புளி மாதிரி, உள்ளே நியான் விளக்கு வைத்தது. ஊரில் எல்லா வீட்டிலும் இருப்பதுதான். அது 230 வோல்ட்டுக்குப் பழகினது, இங்கே 120 தானே, எரியுமா என்று எனக்குச் சந்தேகம். ஒரு தடவை மட்டும் பிரேக்கரைப் போடச் சொன்னார். வண்டிக் கதவின் கீலில் பெயிண்ட் உரிந்த ஓர் இடம் இருந்தது. ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்துக்கொண்டு, டெஸ்டர் முனையை அங்கே வைத்தார். உள்ளே செம்மஞ்சளாக, மங்கலாக எரிந்தது. வீட்டுச் சாக்கெட்டின் பேஸ் ஓட்டையில் வைத்தால் எப்படி எரியுமோ, அதற்குக் கொஞ்சம் கம்மி.

பிறகு மல்டிமீட்டரில் அளந்தேன். நீளமான ஒரு திருப்புளியைப் புல்தரை ஈரத்தில் குத்தி, ஒரு முனையை அதிலும் மறுமுனையை வண்டிக் கீலிலும் வைத்தால் 94 வோல்ட்.

இரண்டு கேள்வி. வண்டி உடம்புக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது? வந்த கரண்ட் ஏன் எர்த் ஒயர் வழியாகப் போய் பிரேக்கரை இறக்கவில்லை?

இரண்டாவது கேள்விக்குப் பதில் சீக்கிரம் கிடைத்தது. மாமா ஒரு பல்பு ஹோல்டரில் 60 வாட் பல்பைப் போட்டு இரண்டு ஒயரை நீட்டி டெஸ்ட் லேம்ப் செய்தார். கராஜ் சாக்கெட்டில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே பளிச்சென்று எரிந்தது. பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே எரியவே இல்லை. மல்டிமீட்டர் அங்கே 3, 4 வோல்ட் என்று அலைந்துகொண்டிருந்தது. இந்தச் சோதனைக்கு மீட்டரைவிடப் பல்புதான் நல்லது. மீட்டர் மிகக் கொஞ்சமான கரண்டை வைத்தே ஓர் எண்ணைக் காட்டிவிடும். பல்பு எரிய அரை ஆம்பியர் ஓட வேண்டும். அரைகுறை எர்த் அங்கே மாட்டிக்கொள்ளும். ஆனால் பழக்கம் இல்லாதவர்கள் திறந்த ஒயரோடு இதைச் செய்ய வேண்டாம். மூன்று விளக்கு வைத்த பிளக் டெஸ்டர் இங்கே எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும், அதைச் செருகிப் பார்த்தாலே எர்த் இல்லை என்று சொல்லிவிடும்.

பிரேக்கரை இறக்கிவிட்டுச் சாக்கெட்டைக் கழற்றினேன். பின்னால் துணி சுற்றிய பழைய கேபிள், உள்ளே இரண்டே ஒயர். எர்த் ஒயரை மாட்ட வேண்டிய பச்சைத் திருகில் எதுவுமே இல்லை. அமெரிக்க மின்விதிகள் மூன்று ஓட்டைச் சாக்கெட்டை எல்லா இடத்துக்கும் கட்டாயம் ஆக்கியது 1962-இல். எங்கள் வீடு அதற்கு நான்கு வருடம் மூத்தது. நடுவில் யாரோ இரண்டு ஓட்டைச் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு, மூன்று ஓட்டைச் சாக்கெட்டை வைத்து மூடிவிட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் குறை தெரியாது.

இதைவிட மோசமான ஒரு வேலையும் உண்டு. எர்த் இல்லாத இடத்தில் நியூட்ரலையும் பச்சைத் திருகையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுவார்கள். அப்போது மூன்று விளக்கு டெஸ்டர்கூட எல்லாம் சரி என்றுதான் காட்டும். நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால் வண்டி முழுக்க 120 வோல்ட் ஏறிவிடும். பழைய வீட்டில் குடியிருப்பவர்கள், வண்டிக்குக் கரண்ட் எடுக்கும் அந்த ஒரு சாக்கெட்டையாவது கழற்றிப் பின்னால் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது முதல் கேள்வி. வண்டிக்குள் இருக்கும் பேனலில் ஒவ்வொரு பிரேக்கராக இறக்கிக்கொண்டே வந்தேன், மாமா வெளியே மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏசி: 94. மைக்ரோவேவ்: 94. தண்ணீர் ஹீட்டரை இறக்கியதும் "ஒரு வோல்ட்டுக்கு வந்துட்டு மாப்ள" என்று குரல் வந்தது.

ஹீட்டர் எலிமெண்ட் 1440 வாட். 120 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் அதன் தடை 10 ஓம். ஒயரைக் கழற்றி அளந்தால் சரியாக 10 காட்டியது. எலிமெண்ட் நன்றாக இருக்கிறது என்று இதை மட்டும் பார்த்தவர் சொல்லிவிடுவார். ஒரு முனைக்கும் தொட்டியின் உலோகத்துக்கும் நடுவே அளந்தேன். நல்ல எலிமெண்டில் அங்கே பத்து லட்சக்கணக்கில் ஓம் இருக்க வேண்டும். இதில் 6,000 சொச்சம். தொட்டியில் தண்ணீர் இல்லாமல் போட்டால் இந்த எலிமெண்டுகள் வெடித்துப்போகும். மேலே இருக்கும் உறையில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் போதும், தண்ணீர் உள்ளே கசிந்து கரண்டைத் தொட்டிக்குக் கடத்திவிடும். தொட்டி, சட்டகம், கதவு, கைப்பிடி எல்லாம் ஒரே உலோகம்தான்.

அத்தையின் உடம்பை 1,500 ஓம் என்று வைத்துக்கொண்டால், கசிவின் 6,000-ஐயும் சேர்த்து 7,500. 94-ஐ அதால் வகுக்க 12 மில்லி ஆம்பியர் வருகிறது. ஒரு மில்லி ஆம்பியரில் ஷாக் தெரியும். பத்தைத் தாண்டினால் பிடித்த கையை விட முடியாமல் போகலாம். அவர் இறுகப் பிடிக்காமல் தொட்ட மாத்திரத்தில் இழுத்துக்கொண்டதால் தப்பித்தார். இந்தக் கணக்கைப் போட்ட அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

புது எலிமெண்ட் வாங்கி, தொட்டியை வடித்து மாற்றினேன். அது ஒன்றரை மணி நேர வேலை, சொல்ல அதிகம் இல்லை. ஆனால் மாற்றிய பிறகும் அதே சாக்கெட்டில் செருகி அளந்தபோது கீலில் 52 வோல்ட் காட்டியது. எனக்குத் திக்கென்றது. இந்த முறை பழுது எதுவும் இல்லை. வண்டியில் இருக்கும் கன்வர்ட்டர் (வீட்டுக் கரண்டை மாற்றி பேட்டரியை நிரப்பும் பெட்டி), மைக்ரோவேவ் போன்றவற்றுக்குள் இரைச்சலை வடிகட்டச் சின்னச் சின்ன கெபாசிட்டர்கள் இருக்கும். அவை பேஸிலிருந்து ஒன்று, நியூட்ரலிலிருந்து ஒன்று என்று உடம்போடு இணைந்திருக்கும். எர்த் இல்லாவிட்டால் உடம்பு நடுவில் தொங்கி, 120-இல் ஏறத்தாழ பாதி அளவுக்கு ஏறி நிற்கும். ஓடக்கூடிய கரண்ட் ஒரு மில்லி ஆம்பியருக்கும் கீழே. எர்த் இருந்தால் அது சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்துவிடும். பழுதே இல்லாத வண்டிக்கும் எர்த் வேண்டும் என்பதை எனக்குப் புரியவைத்தது இந்த 52 தான்.

அன்று கேபிளைச் சுற்றி வைக்கும்போது இன்னொன்றையும் பார்த்தேன். டாக்போனின் 15 ஆம்பியர் பக்கத்துப் பித்தளைக் கால் ஒன்று பழுப்பேறி, அதைச் சுற்றிய பிளாஸ்டிக் லேசாகப் பொரிந்திருந்தது. மத்தியானம் ஏசியை இருபது நிமிஷம் ஓட விட்டிருந்தேன். கூரை ஏசி 13,500 பிடியூ, நம் கணக்கில் ஒரு டன்னுக்குச் சற்று மேல். ஓடும்போது ஏறத்தாழ 13 ஆம்பியர் இழுக்கும். பழைய சாக்கெட் தளர்ந்து, தொடும் இடத்தில் பத்தில் ஒரு ஓம் தடை இருந்தாலே 17 வாட் சூடு அங்கே பிறக்கும். சால்டரிங் அயர்ன் ஒன்றைச் சாக்கெட்டுக்குள் சொருகி வைத்த மாதிரி. பிரேக்கருக்கு இது தெரியவே தெரியாது, ஓடுவது 15-க்கும் கீழே அல்லவா. மணிக்கணக்கில் ஓடும் லோடுக்கு பிரேக்கர் அளவில் 80 சதவீதம்தான் கணக்கு: 15-க்கு 12, 20-க்கு 16. என் எக்ஸ்டென்ஷன் கேபிளும் மெலிது, 16 கேஜ் (கேஜ் எண் கூடக் கூட ஒயர் மெலியும்). போக வர நூறு அடிக்கு 0.4 ஓம், 13 ஆம்பியரில் 5 வோல்ட் அதிலேயே போய்விடும். வோல்ட் குறையக் குறைய ஏசி மோட்டார் திணறி, இன்னும் சூடாகும்.

வொயிட் சாண்ட்ஸைத் தள்ளிப்போட்டோம். வண்டிக்கென்று தனியாக 30 ஆம்பியர் சாக்கெட் ஒன்று போடுவது என்று முடிவு.

மாமாவின் யோசனை வேறு. "ஒரு பைப்ப எறக்கி, உப்பும் கரியும் போட்டு, வண்டிக்கு தனி எர்த்து குடுத்துருவோம்" என்றார். ஊரில் வீட்டுக்கு வீடு அப்படித்தான், அவர் கையால் எத்தனையோ குழி தோண்டியிருக்கிறார். இதை அவரோடு உட்கார்ந்து காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். மண்ணில் இறக்கிய கம்பிக்கு 25 ஓம் கிடைத்தால் இங்கே நல்ல எர்த் என்று எடுத்துக்கொள்வார்கள். வண்டி உடம்பில் பேஸ் நேராகவே ஒட்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 120-ஐ 25-ஆல் வகுத்தால் 4.8 ஆம்பியர். 15 ஆம்பியர் பிரேக்கர் இதற்கு அசையாது. கம்பி மண்ணைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும், வண்டி கரண்டிலேயே நிற்கும். பேனலிலிருந்து ஒயராகவே எர்த் வந்தால் கதை வேறு. மெயின் பேனலில் நியூட்ரலும் எர்த்தும் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. பழுது ஏற்பட்டால் கரண்ட் செம்புக் கம்பி வழியாகவே திரும்பி, நூற்றுக்கணக்கில் ஆம்பியர் ஓடி, கண் இமைக்கும் நேரத்தில் பிரேக்கர் விழும். மண் கம்பி இடிக்கும் மின்னலுக்கும் உதவும், பிரேக்கரை விழ வைக்க உதவாது.

மாமா அந்தக் காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "230-க்குப் போட்டாலும் 9 ஆம்பியர்தான வருது. அதாம்ல அங்க இப்ப ஆர்சிசிபி வைக்கச் சொல்லுதான்" என்றார். கரண்ட் வெளியே கசிந்தால் உடனே துண்டிக்கும் கருவி அது. ஆமாம், ஊரில் வீட்டுக்கு வைப்பது 30 மில்லி ஆம்பியரில் விழும். இங்கே அதே வேலையைச் செய்யும் ஜிஎஃப்சிஐ 4-லிருந்து 6 மில்லி ஆம்பியருக்குள் விழும். அன்று கராஜில் அது ஒன்று இருந்திருந்தால் அத்தைக்குச் சுருக்கென்று பட்ட அந்தக் கணத்திலேயே கரண்ட் நின்றிருக்கும்.

பேனலில் நானாகக் கை வைக்கவில்லை. நகராட்சியில் பர்மிட் எடுத்து, லைசென்ஸ் உள்ள ஓர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். பள்ளம் தோண்டுவதும் பைப் போடுவதும் மட்டும் என் வேலை. ஜூலை வெயிலில் விடியற்காலையில் மாமாவும் நானும் முறை வைத்துத் தோண்டினோம். 10 கேஜ் செம்பு ஒயர் மூன்று: பேஸ், நியூட்ரல், எர்த். வெளியே மூடி வைத்த பெட்டிக்குள் டிடி-30 என்ற சாக்கெட்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். டிடி-30 என்பது 120 வோல்ட் சாக்கெட். அதன் இரண்டு சாய்ந்த ஓட்டையில் ஒன்று பேஸ், ஒன்று நியூட்ரல், உருண்டை எர்த். இந்த நாட்டில் துணி காயவைக்கும் மெஷினுக்குப் பழைய வீடுகளில் இருக்கும் 30 ஆம்பியர் சாக்கெட்டிலும் அதே மாதிரி இரண்டு சாய்ந்த ஓட்டைகள் உண்டு. அது 240 வோல்ட், இரண்டுமே பேஸ். 30 ஆம்பியர் என்றாலே 240 என்று கை பழகிய எலக்ட்ரீஷியன்கள் டிடி-30-க்கும் இரட்டை பிரேக்கர் போட்டு இரண்டு பேஸைக் கொடுத்துவிடுவது இங்கே அடிக்கடி நடக்கிற தவறு. செருகிய நொடியில் மைக்ரோவேவ், கன்வர்ட்டர், டிவி எல்லாம் போய்விடும்.

எங்களுக்கும் அதுவே நடக்க இருந்தது. வந்தவர் நல்ல வேலைக்காரர், ஒயரைப் பெட்டிக்குள் வளைத்த அழகை மாமாவே பாராட்டினார். ஆனால் நான் அளக்காமல் செருகுவதில்லை என்று அந்த ஜூன் சாயங்காலமே முடிவு செய்திருந்தேன். மீட்டரை எடுத்து ஒரு சாய்ந்த ஓட்டைக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்தேன், 121. இதோடு நிறுத்தியிருந்தால் எல்லாம் சரி என்று செருகியிருப்பேன். அடுத்த சாய்ந்த ஓட்டைக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்தேன். அங்கே பூஜ்யம் வர வேண்டும். 121 வந்தது. இரண்டு சாய்ந்த ஓட்டைக்கும் நடுவே 242.

அவரைத் திரும்பக் கூப்பிட்டுக் காட்டினேன். முகம் வெளுத்துவிட்டது. மன்னிப்புக் கேட்டு, இரட்டை பிரேக்கரைக் கழற்றி, ஒற்றை 30 ஆம்பியர் ஜிஎஃப்சிஐ பிரேக்கரைப் போட்டு, வெள்ளை ஒயரை நியூட்ரல் கட்டைக்கு மாற்றினார். பிறகு அளந்ததில் பேஸ்-நியூட்ரல் 121, பேஸ்-எர்த் 121, நியூட்ரல்-எர்த் 0.1. மூன்றையும் பெட்டி மூடியின் உள்பக்கம் மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன். மூன்று ஜோடியையும் அளக்க வேண்டும், இரண்டு போதாது.

ஜிஎஃப்சிஐ போட்டால் வண்டியைச் செருகியதும் விழுந்துகொண்டே இருக்கிறது என்று பலர் அதைக் கழற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அது எதையோ சொல்கிறது. பெரும்பாலும் என்னுடையது மாதிரி ஹீட்டர் எலிமெண்ட் கசிவாக இருக்கும். இல்லையென்றால் வண்டிக்குள் யாரோ நியூட்ரலையும் எர்த்தையும் கட்டியிருப்பார்கள். வீட்டு மெயின் பேனலில் கட்டியிருக்க வேண்டிய அந்த இரண்டும் வண்டிக்குள் கட்டப்படவே கூடாது. பார்ப்பது சுலபம். வண்டியின் பிளக்கை எதிலும் செருகாமல், ஜெனரேட்டரையும் இன்வர்ட்டரையும் நிறுத்திவிட்டு, பிளக்கின் நியூட்ரல் காலுக்கும் எர்த் காலுக்கும் நடுவே மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்துத் தொடுங்கள். சத்தம் வரக் கூடாது. என் வண்டியில் வரவில்லை.

செருகினேன். பிரேக்கர் விழவில்லை. ஹீட்டரைப் போட்டேன், விழவில்லை. மாமா வெளியே போய், அதே கீலில், அதே டெஸ்டரை வைத்தார். இருட்டாக இருந்தது. கையால் மறைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். பிறகு அத்தையைக் கூப்பிட்டு, "ஏறு" என்றார்.

30 ஆம்பியரிலும் கணக்கு பார்த்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கிறது. ஏசி 13, ஹீட்டர் 12, மைக்ரோவேவ் 10-க்கு மேல், பேட்டரி இறங்கியிருந்தால் கன்வர்ட்டர் 7 வரை, ஃபிரிட்ஜ் 3-க்குள். ஏசி ஓடும்போது தண்ணீரை கேஸில் சூடாக்குகிறோம்; சமைக்கிற நேரத்தில் ஹீட்டரை நிறுத்திவிடுகிறோம். வண்டிப் பக்கத்தில், எர்த் விட்டாலோ, வோல்ட் 104-க்குக் கீழே போனாலோ தானாகத் துண்டிக்கும் பாதுகாப்புப் பெட்டி ஒன்றையும் போட்டுவிட்டேன். வழியில் தங்கும் முகாம்களில் இருக்கும் சாக்கெட்டை யார் போட்டார்கள் என்று நமக்குத் தெரியாது அல்லவா.

வொயிட் சாண்ட்ஸ் போய்வந்தாயிற்று. கராஜில் இன்னும் மூன்று சாக்கெட் அதே இரட்டை ஒயரில் இருக்கிறது. மூன்றையும் கழற்றிப் பார்த்து, இப்போதைக்கு முதல் சாக்கெட்டில் ஜிஎஃப்சிஐ வைத்து, 'எர்த் இல்லை' என்று ஒட்டியிருக்கிறேன். ஆளைக் காப்பாற்றும், எர்த் ஆகாது. புது ஒயர் இழுக்கப் பரண் வழியாக ஊர்ந்து போக வேண்டும். டெக்ஸாஸ் கோடையில் அங்கே ஐந்து நிமிஷம் தாங்காது. நவம்பரில் பர்மிட்டுக்கு எழுதிப் போடுகிறேன்.